கேட் ஓரத்துப் பச்சைப் புல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து இரும்பு கேட்டுக்கு வெளியே, வலது பக்கச் சுவரோரம், ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் முளைத்திருந்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே புதூர்ப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தை பிறந்துவிட்டால் எங்கள் கரிசல் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். உளுந்து பிடுங்கின காட்டில் காய்ந்த சருகு கூட மிஞ்சாது, ஆடுகள் பொறுக்கிவிடும். அந்த நேரத்தில் அந்த ஒரு பாய் அகலம் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் வெள்ளாட்டைத் தினமும் சாயங்காலம் அங்கேதான் கொண்டுவந்து கட்டுவார். அடியில் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்பது அவர் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்வதென்றால் யாரிடம் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதிலேயே எனக்கு நாள் போய்விடும். என் சுபாவம் அப்படி.

நான் பத்தாவது வரை படித்தவள். இருபது வருஷத்துக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மெஷின் வந்து கைவேலை குறைந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவிக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் மணி அடிக்கும் முன்பு ஒரு தடவை, சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ஒரு தடவை. யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நான் சேர்ந்த வருஷம்தான் பெண் பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், தாழ்ப்பாள் வைத்த கதவு, உள்ளேயே தண்ணீர்க் குழாய். எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் முதலில் அதற்குப் பூட்டு வாங்குவோம். ஊர்ப் பொதுக் கூடத்துக்கு அப்படித்தான், நூலகத்துக்கும் அப்படித்தான். நாசமாகிவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். கழிப்பறைக்குப் பூட்டு வாங்கி வந்தது நான். சாவியைத் தலைமையாசிரியையான பெரிய டீச்சர், தான் பாடம் நடத்துகிற எட்டாம் வகுப்பு அறையில், தன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். பையன்களுக்குப் பழைய கட்டடம். அதில் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு தடவை பார்வையிட வந்த அதிகாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூல்லயும் இப்படி நான் பாக்கல" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. தினமும் தேய்த்தேன். தினமும் அது முந்தின நாள் விட்டது போலவே இருந்தது. ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், எனக்கு மதினி முறை, விறுவிறுவென்று உள்ளே போனாள். அவள் மகள் ஏழாவது படிக்கிறாள். பெரிய டீச்சரிடம் அவள் பேசியது வெளியே நன்றாகக் கேட்டது.

"டீச்சர், வெள்ளிக்கிழமை வரைக்கும் பிள்ள வருவா. அதோட சரி. நான் வேலைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ஆட்டையும் சின்னவனையும் பாத்துக்கிட்டு வீட்டுல கெடக்கட்டும்."

"என்னம்மா திடீர்னு? நல்லா படிக்கிற பிள்ளையாச்சே."

"படிச்சி என்ன செய்ய? போன வாரமும் நீர்க்கடுப்பு வந்து துடிச்சா. காய்ச்ச வேற. இதோட மூணு வாட்டி ஆச்சி. ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்னையப் போட்டு ஏசுதாவ, பிள்ளைக்குத் தண்ணி குடுக்க மாட்டியான்னு. காலையில பாட்டில ரொப்பித்தான் குடுத்து விடுதேன். சாயங்காலம் காலியாத்தான் கொண்டு வருதா. லீவுல வீட்டுல கெடந்தா ஒண்ணும் வரல. இங்கன வந்தாத்தான் வருது. இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்துக்கிடல."

டீச்சர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பேசி முடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். போகிற போக்கில் கழிப்பறைப் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம், "என்ன மதினி, இதையும் கோயில் மாதிரியில்லா வச்சிருக்க" என்றாள். வழக்கம்போல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலை முடித்து வெளியே வந்தபோது அண்ணாச்சியின் ஆடு மேய்ந்து விட்டுப்போன புல் கண்ணில் பட்டது. காலியான பாட்டில் என்று அவள் சொன்னதும் இந்தப் பச்சையும் எனக்குள் எங்கேயோ உரசின. அன்று சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, கேட்டுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நின்றேன்.

மணி அடித்தது. பெண் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். தினமும் இந்த ஓட்டத்தை வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்; வீட்டுக்குப் போகிற சந்தோஷம் என்று நினைத்திருக்கிறேன். கேட்டைத் தாண்டியதும் சுவரோரம் நின்றார்கள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, கவிழ்த்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, அத்தனை பேரும். ஒரு சின்னப் பிள்ளை வாயில் வைக்கப் போனது. பெரியவள் ஒருத்தி, "குடிக்காதட்டி, வழியில வந்துரும்" என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு எல்லோரும் ஊருக்குப் போகிற பாதையை விட்டு, வேலிக்கருவை மரங்கள் அடர்ந்த பக்கமாக ஓடினார்கள்.

மதினி மகள் கடைசியில் வந்தாள். பச்சைப் பாட்டில், மூடியில் சிவப்பு நூல் கட்டியது. அதைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன்.

"ஏட்டி, தண்ணிய எதுக்குக் கொட்டுத?"

பிள்ளை பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "அத்தை, அம்மைட்ட சொல்லிராதீங்க."

"சொல்லல. எதுக்குன்னு சொல்லு."

"குடிச்சா போணும்லா."

"போயேன். அதுக்குத்தான கட்டிப் போட்டிருக்கு."

"சாவி பெரிய டீச்சர் சேருக்குப் பின்னாடியில்லா தொங்குது. எட்டாங் கிளாஸ் நடக்கும்போது உள்ள போயி எடுக்கணும். எடுத்தவொடனே பயலுவ, 'ஏலே, கோயில் நடை தெறந்தாச்சு'ன்னு நாக்கால மணி அடிக்கானுவ. டங் டங்குன்னு." பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கார்த்திகை மழையில ஒரு நாள் போனேன். காலெல்லாம் கரிசல் ஒட்டி டைல்ஸு பூரா தடம் விழுந்துட்டு. நீங்க மறுநாள் ஏசுனீங்க. அதுல இருந்து போறதில்ல."

ஏசியது எனக்கு ஞாபகம் இருந்தது. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காத நான், பிள்ளைகளிடம் மட்டும் அன்று நன்றாகவே வாய் திறந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தீப்பெட்டி ஆபீஸில் நாங்களும் இப்படித்தான் இருந்தோம். எழுந்து போனால் வேலை பின்தங்கும், கணக்குப்பிள்ளை முறைப்பார். அதனால் மத்தியானம் வரை நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வோம். எனக்கும் நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுத்திருக்கிறேன். அப்போது மோர் வாங்கிக் கொடுத்தவளே இந்த மதினிதான். வெட்கப்படுகிறவளுக்கு ஒரு சாவியைப் போய்க் கேட்பது எத்தனை பெரிய காரியம் என்று இந்த ஊரில் வேறு யாரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பூட்டை நானே தொங்கவிட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். "என்னக்கா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும், "பினாயில் தீந்துபோச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். புதுப் பாட்டில் கொடுத்தார். புதன்கிழமையும் போனேன். "மறுபடியும் பினாயிலா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வியாழக்கிழமை போகவே இல்லை. சாமான் வைக்கிற அறையில் பிரிக்காத பினாயில் பாட்டில் இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். எட்டாம் வகுப்பு அறையில் பெற்றோர்கள் இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மதினி எழுந்து, பிள்ளையை நிறுத்தப்போவதைச் சொன்னாள். ஒருவர், "வயசுக்கு வாரப் பிள்ள, வீட்டுல இருந்தாலும் நல்லதுதான்" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். டீச்சர் பேனாவை மூடி வைத்தார். ஜன்னல் வழியாக அந்தப் பிள்ளை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

காலையிலேயே பூட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. மேஜை மேல் அதை வைத்தேன். சத்தம் பலமாகக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ள தண்ணி குடிக்கல டீச்சர். கேட்டுப் பக்கத்துல கொட்டிட்டுப் போகுது. எல்லாப் பொம்பளப் பிள்ளையளும் அப்படித்தான் செய்யுது. அந்தப் புல்லு அதான்."

யாருக்கும் புரியவில்லை. நான் இன்னும் பேச வேண்டியிருந்தது.

"சாவி கேக்க வெக்கம். பயலுவ கேலி பண்ணுதானுவ. நானும் கால் தடத்துக்கு ஏசியிருக்கேன். பூட்டு நான் வாங்குனது. தப்பு எம்மேல." மதினி பக்கம் திரும்பினேன். "நாம ஆபீஸ்ல கெடந்த மாதிரியே கெடக்குது மதினி, பிள்ளையள்."

அவள் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். "அப்ப இத்தன நாளும் யாருக்குத்தான் கழுவுன மதினி?" என்று கேட்டாள்.

பின் வரிசையில் யாரோ சிரிக்க, அறையே சிரித்தது. அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்த்தார். "இதை அடிச்சது நான்" என்றார் மெதுவாக.

அன்றே முடிவானது. காலையில் திறந்தால் சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகுதான் பூட்டு. கழிப்பறை வரைக்கும் சரள் அடித்துப் பாதை போட்டால் அடுத்த மழைக்குக் காலில் கரிசல் ஒட்டாது என்றார் டிராக்டர் வைத்திருக்கிற ஒருவர். வயசுக்கு வாரப் பிள்ள என்று பேசியவரும் அவரேதான். மதினி கிளம்பும்போது என்னிடம் வந்தாள்.

"ஒரு மாசம் பாக்கேன். அதுக்குள்ள பிள்ளைக்கு ஏதாவது வந்துச்சி, அந்தப் பூட்ட ஒன் வாய்க்குப் போட்டுருவேன்."

"போடு மதினி" என்றேன்.

திங்கட்கிழமை பிரேயரில் டீச்சர் பேசினார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் எட்டாவது பையன்களில் நாலைந்து பேர் தங்கள் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் மத்தியான மணிக்கும் ஒரு நடை வர ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போனார்கள். அவர்களுக்கு வெட்கம் தெரியாது. அவர்கள் பின்னால் ஒவ்வொருத்தியாக.

அதற்குப் பிறகு என் பாடு சொல்லி மாளாது. கை கழுவ வைத்த சோப்பைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்று வைத்தேன், அதையும் தூக்கியது. கடைசியில் பூண்டு வருகிற வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டினேன். எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லை என்று பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். டீச்சரிடம் சொன்னேன். இந்தத் தடவை பினாயில் கேட்கவில்லை. குடிதண்ணீர்க் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் ஒரு டிரம்மில் பிடித்து, கை கழுவுவதற்கென்றே அடியில் திருகு குழாய் வைத்துக் கொடுத்தார். நுரை வந்ததும் மணி அடித்தாலும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் மதினி மகள் பச்சைப் பாட்டிலோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, காலியாயிட்டு. இன்னொரு வாட்டி எங்க புடிக்க?"

குடிதண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். பிடித்து, அங்கேயே நின்று பாதியைக் குடித்துவிட்டு, மிச்சத்தோடு வகுப்புக்கு ஓடினாள்.

மதினி கேட்ட ஒரு மாதம் பங்குனியில் முடிந்தது. அவள் பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிய பாட்டிலாக வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அண்ணாச்சி கேட் ஓரத்தில் ஆட்டைப் பிடித்தபடி குழப்பமாக நின்றுகொண்டிருந்தார். புல் நுனி பழுத்து, மஞ்சளாகி, அடியில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது.

"என்ன தாயி, குழாய அடைச்சிட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி. பிள்ளையள் குடிச்சிட்டுது."

"என்னத்த?"

"தண்ணிய."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டை இழுத்துக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்தார். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளை டைல்ஸ் முழுக்கச் சின்னதும் பெரிதுமாகக் கால் தடம். நான்காவது பினாயில் பாட்டிலைத் திறந்தேன்.