மொட்டில் இருந்த மருந்து

முதலில் கண் மங்கியது. விடியற்காலையில் மல்லி மொட்டு பறித்துக்கொண்டிருந்தேன். பனி என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன். இலையெல்லாம் ஈரம், புடவையும் இடுப்புவரை நனைந்திருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. வாந்தி எடுத்து, செடிக்கு நடுவிலேயே விழுந்தேன்.

உத்திரமேரூர் பக்கம் நாங்கள் கூலிக்குப் போகும் தோட்டம் அது. தொண்ணூறுகளின் கடைசி. மொட்டுப்புழுவுக்காக முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் மருந்து அடித்திருக்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்த டாக்டர் என் வாயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எதுக்கும்மா மருந்து குடிச்ச? வீட்ல சண்டையா?"

"குடிக்கல சார். மொட்டு பறிச்சிக்கினு இருந்தேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். விஷம் ஊறிய புடவையை உடம்பிலேயே விட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களே, பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். உடனே துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும்.

மூச்சு திணறியதும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னதும் முதல் வேலையாகப் புடவையை மாற்ற வைத்தார். அட்ரோபின் (விஷத்தின் வேகத்தை முறிக்கும் ஊசி) விட்டு விட்டுப் போட்டார்கள். பிழைத்தேன்.

நினைவு தெளிந்த அன்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "நெசமா சொல்லு. நீ இன்னாவாவது குடிச்சியா?" அதற்குள் தோட்டத்துச் சொந்தக்காரர் ஊரெல்லாம் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

"நீயுமா கேக்கற?" என்றேன்.

நடக்க முடிந்ததும் கணவரையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தோட்டக்காரரை முதல்முறையாக ஒருமையில் கேட்டேன்: "மருந்து அடிச்சிக்கீறேன்னு ஒரு வார்த்த சொன்னா உனுக்கு இன்னா கொறஞ்சி பூடும்?"

"மொட்டுல புழு வுழுந்தா அந்த நஷ்டத்த நீ குடுப்பியா?" என்றார்.

பெண்கள் மடியிலிருந்த மொட்டுகளை வரப்பில் கொட்டிவிட்டு வெளியே வந்தார்கள். அதன் பிறகுதான் மருந்து அடித்தால் ஆள் அனுப்பிச் சொல்கிறார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

என் விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு பாதிப்பு என்றார்கள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே, பார்க்காமலே பறிப்பேன். இப்போது ரவிக்கைக்கு ஊக்கு போடுவதற்குள் வெயில் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "இப்ப மனசு நல்லா கீதா?" என்கிறார்கள்.

"மனசுக்கு இன்னா கேடு? கையிதான் செத்துப் பூட்ச்சி" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சொல்கிறேன்.