இல்-பிசார் படகில் தாய்மாமனைப் பிடித்த கதை

முதலில் எங்கள் பிள்ளைகளின் செய்தி. மூத்த பேரன் கஜன் ஒட்டாவாவில் பொறியியலாளர் வேலையில் நிரந்தரமாகிவிட்டான். அவன் தங்கை ஆரணி மருந்தாளர் பரீட்சையில் முதல் முறையிலேயே தேறி, வெள்ளைக் கோட்டுப் போட்டு மருந்துக்கடையில் நிற்கிறாள். சின்னவள் மதுரா பிரெஞ்சுச் சொல்வதெழுதலில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் எழுதியதில் ஒரு எழுத்தும் விளங்காது. ஆனாலும் அவள் வாங்கிய கிண்ணத்தைத் துடைத்து வைப்பது நான்தான். கடைக்குட்டி நிலவன் இந்தக் கோடையில் நீந்தப் பழகிவிட்டான். அதுவும் வெற்றிதானே, போன வருடம் தண்ணீரைக் கண்டாலே கத்தியவன்.

நான் வாயால் சொல்ல ஆரணி எழுதுகிற இந்தப் பதிவு, அவளுடைய கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் நானும் அவளும் போய்வந்த ஒரு பயணத்தைப் பற்றியது. 2006 ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு வருகிற எங்கள் சனம் மலைக்கோயிலைப் பார்த்து, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கி, அதோடு திரும்பிவிடுகிறது. இல்-பிசார் என்று ஒரு தீவு இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு கோபக்கார மனிதர் அங்கே குடியிருந்ததால் தெரிந்துகொண்டேன்.

ஆரணி கட்டவிருந்த பிள்ளை மார்க்கோ. தகப்பன் ராடோ மொண்டினீக்ரோக்காரர், தாய் வெஸ்னா சேர்பியாக்காரி. அந்த இரண்டு நாடுகளும் ஒரே கூட்டாக, வெளியுலகத்துக்கு ஒரே பெயரில் இருந்தவை. இந்த மே மாதம் சின்ன நாடான மொண்டினீக்ரோ வாக்கெடுத்து, மயிரிழையில் வென்று, கூட்டைவிட்டு வெளியே போனது. போனது அங்கே. விளைவு விழுந்தது இங்கே, எங்கள் சம்பந்தி வீட்டில்.

ராடோ சந்தோஷத்தில் பல்கனியில் புதுக் கொடி கட்டினார். வெஸ்னாவின் தம்பி மிலான் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தவர், தெருவிலேயே கொடியைக் கண்டு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஜூனில் உலகக் கிண்ணப் பந்தாட்டம். நாடு பிரிந்தும் அணி பிரியவில்லை. பழைய பெயரிலேயே விளையாடி ஒரு ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியது. யாரால் தோற்றது என்று மச்சான்மார் இரண்டு பேரும் தொலைபேசியில் சண்டை பிடித்தார்கள். அதோடு பேச்சும் நின்றது.

மிலானுக்குக் கலியாண அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். பதிலே இல்லை. வெஸ்னா எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் குசினியில் இருந்து அழுதார். தம்பி வராத கலியாணத்தில் தான் எப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பது என்று கேட்டார்.

“தாய்மாமனுக்குத் தபாலிலையோ சொல்லுறது?” என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டுவது அவனுடைய தாய்மாமன். வீடு தேடிப் போய், தட்டு நீட்டி, வாயால் கேட்க வேண்டும். போய்ச் சொல்ல ஆரணியின் தாய் தகப்பனுக்கு, என் மகளுக்கும் மருமகனுக்கும், லீவு கிடைக்கவில்லை.

“அம்மா, புருசன் பெண்சாதியாய்ப் போய்ச் சொல்லுறதுதானே முறை. நீங்கள் தனிய...” என்று மகள் சாந்தி இழுத்தாள். நான் தாலி இழந்தவள் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை.

“அந்த ஆளுக்கு எங்கடை முறை ஒண்டும் தெரியாது. நல்லதாய்ப் போச்சு. நான் போறன்.”

காலை ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டோம். கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் நீலக் கோட்டு மெற்றோவில் ஏறி, அடுத்த நிலையமான ஸ்நோடனில் செம்மஞ்சள் கோட்டுக்கு மாறி, கோட்-வெர்த்து வரை போக வேண்டும். அங்கிருந்து பஸ், பிறகு இன்னொரு பஸ். ஆளுக்கு இரண்டரை டொலர்தான். ஏறும்போதே மாறுவதற்கான சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வாங்காவிட்டால் பஸ்ஸில் மறுபடியும் காசு.

என் கையில் வெள்ளித்தட்டு, துணியால் மூடி. அதில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், மாம்பழம், நான் பிடித்த பயற்றம் உருண்டை. இரண்டாவது பஸ் சாரதி ஏதோ கேட்டார்.

“என்னவாம்?” என்றேன்.

“கேக்கோ எண்டு கேக்கிறார், அம்மம்மா.”

“மாமனைப் பிடிக்கிற பொறி எண்டு சொல்லு.”

அவள் என்ன சொன்னாளோ, மனிதர் பாலம் தாண்டும் வரை சிரித்தார். இறங்க வேண்டிய இடத்தையும் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

பாலம் தாண்டினால் தீவு. தனித்தனி வீடுகள், வீட்டுக்கு வீடு புல்வெளி, ஆள் நடமாட்டம் இல்லை. கடையும் கண்ணில் படவில்லை. பதினொரு மணிக்கு மிலான் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் மனைவி யெலேனா திறந்தார். என் சேலையையும் தட்டையும் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். நாங்கள் வருவதை மார்க்கோ தொலைபேசியில் சொல்லியிருந்தானாம். வீட்டுக்கு வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாதே என்று மிலான் அப்போதுதான் பின்கதவால் போய்க் காரில் ஏறினாராம்.

“எங்கை போறாராம்?”

“படகுத்துறைக்காம். அக்கரையிலை லவாலுக்குப் போய் ஒளிக்கப் போறாராம்,” என்றாள் ஆரணி.

யெலேனா செருப்புக்கூட மாற்றவில்லை. எங்களைத் தன் காரில் ஏற்றி விட்டார் ஒரு ஓட்டம். தீவின் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துறை. அங்கே ஏழெட்டுக் கார் கொள்ளும் தட்டைப் படகு ஒன்று கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும். கடக்க ஐந்து நிமிடம்தான். மிலானின் கார் ஏறிவிட்டது, படகுக்காரர் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். ஆரணி கத்திக்கொண்டு ஓடினாள். நான் தட்டோடு ஓடினேன். எழுபத்தொரு வயதில் சேலையோடு ஓடலாம் என்று அன்றுதான் கண்டேன். நடந்து ஏறுகிறவருக்கு ஒரு டொலர்.

மிலான் எங்களைக் கண்டதும் கார்க் கண்ணாடியை ஏற்றினார். நான் காருக்கு முன்னால் போய்த் தட்டோடு நின்றேன். முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். எங்கே போவார்? கண்ணாடியை இறக்கி ஆரணியிடம் பிரெஞ்சில் ஏதோ உறுமினார்.

“அவருக்கு அண்டைக்கு வேலை இருக்காம், அம்மம்மா.”

“உள்ளதைச் சொல்லு பிள்ளை. வேலை இருக்கிற மனிசன்ரை முகமோ இது?”

ஆரணி சிரிப்பை அடக்கினாள். “வரமாட்டாராம். ராடோ கொடியைக் கழட்டினால் யோசிக்கிறாராம்.”

“கொடி ராடோவின்ரை பல்கனியிலை. தலைப்பா எங்கடை மண்டபத்திலை. ரெண்டையும் ஏன் போட்டுக் குழைக்கிறார் எண்டு கேள்.”

அவர் கையை விரித்தார். மொண்டினீக்ரோக்காரர் எங்களை ஒரு சொல் கேட்காமல் பிரிந்து போய்விட்டார்கள், என்றார்.

“வாக்குப் போட்டுத்தானே போனவை? எங்கடை ஊரிலை பிரியிறியளோ இருக்கிறியளோ எண்டு ஆரும் பெட்டி வைச்சுக் கேட்டதில்லை. குடுத்து வைச்சவை எண்டு சொல்லு.”

ஆரணி சொல்லி முடித்ததும் மனிதர் என்னை முதல் முறையாக நேரே பார்த்தார். அதற்குள் லவால் கரை வந்துவிட்டது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. மிலான் காரை இறக்கினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். மார்க்கோவின் தாய்க்கு என்ன சொல்வது?

அவர் போகவில்லை. கரையில் காரை வளைத்துத் திருப்பி, அதே படகுக்கு வரிசையில் வந்து நின்றார்.

படகு தீவுக்குத் திரும்பும் இரண்டாம் கடவையில் காரைவிட்டு இறங்கிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கதைத்தார். கொடி பெரிய விஷயமில்லை என்றார். அவருடைய தகப்பன் அந்தக் காலத்தில் மொண்டினீக்ரோக் கடற்கரையில் ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறார். அங்கேயே அடக்கமும் செய்திருக்கிறது. போன வருடம் வரை அது சொந்த நாடு. இப்போது தகப்பனின் கல்லறைக்குப் போவதும் வெளிநாட்டுப் பயணம்.

நான் சொன்னேன்: “என்ரை மனிசன்ரை சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைச்சனான். அந்தக் கடல் எந்த நாட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்தாலும் அவர் அதுக்கைதான்.”

ஆரணி இதை மெதுவாகச் சொன்னாள். மிலான் மாமன் முறை பற்றிக் கேட்டார். ஆரணி விளக்கினாள். தாயின் சகோதரன் வேறு, தகப்பனின் சகோதரன் வேறு, தலைப்பா தாயின் சகோதரனுக்கே உரியது, தகப்பன் நினைத்தாலும் அதை மாற்றிக் கொடுக்க முடியாது என்று. மனிதர் நிமிர்ந்துவிட்டார். பிரெஞ்சுக்காரருக்கு எல்லாரும் ஒரே மாமாதான், எங்கள் மொழியிலும் உங்களைப்போலத் தாயின் சகோதரனுக்குத் தனிப் பெயர், கலியாணத்தில் தனி இடம் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார்.

“பிறகென்ன, இடம் வெறுமையாய்க் கிடக்கு,” என்று தட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

“வாறாராம் அம்மம்மா. ஆனால் ராடோவோடை கதைக்க மாட்டாராம்.”

“கதைக்கச் சொல்லி ஆர் கேட்டது? தலைப்பாவைக் கட்டினால் போதும்.”

எப்படிக் கட்டுவது என்று பழக வேண்டுமாம். தட்டை மூடியிருந்த துணியை உதறினேன். கட்டிப் பார்க்கத் தலை வேண்டும். படகுக்காரர் தலையைக் கொடுத்தார். தீவுத் துறையில் நாங்கள் இறங்கவில்லை, மூன்றாம் கடவையில் அந்த மனிதர் கோணல் தலைப்பாவோடுதான் படகை ஓட்டினார். எங்களிடம் அதன்பிறகு காசு வாங்கவில்லை, இரண்டு பயற்றம் உருண்டை வாங்கினார். பிறகு லவால் பக்கத்தில் ஏறிய ஒரு குடும்பம் இது ஏதோ தீவின் திருவிழா என்று நினைத்துக் கை தட்டியது. மிலான் என்னைக் காட்டி, இந்த மனிசி கடற்கொள்ளைக்காரி, ஆளைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அவர்களிடம் முறையிட்டார்.

மாலை நாலரைக்கு அவரே எங்களை வீடு வரை கொண்டுவந்து விட்டார். ராடோவின் கொடி தெரியாத வேறு தெருவால் வந்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில சொல். படகு கோடையில் மட்டும்தான், ஆறு உறைந்தால் இல்லை. சில்லறையாகக் கொண்டுபோங்கள். சனி ஞாயிறில் பஸ் அரிது, திரும்பும் நேரத்தைச் சாரதியிடம் முன்பே கேளுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து துறைக்கு நல்ல நடை, சப்பாத்துப் போடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இரண்டு தரம் போய்வாருங்கள், ஒரு தரம் போதாது என்பார்கள். அக்கரையில் இறங்காமல் அப்படியே திரும்பினாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பிரிந்த நாடு பிரிந்ததுதான். அது சரியோ பிழையோ, ஒரு கடுதாசியும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாத நான் சொல்ல வரவில்லை. ராடோவின் கொடி இன்னும் பல்கனியில்தான் இருக்கிறது. மிலானுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. கலியாணம் செப்டம்பரில் நன்றாக நடந்தது. வெஸ்னா சிரித்த சிரிப்பில் மண்டபம் நிறைந்தது.

ஆரணி, இந்தப் பதிவுக்கு மேலே நீ போட்டிருக்கிற ஆற்றுப் படம் வேண்டாம், தண்ணீரை யாரும் எங்கேயும் பார்க்கலாம். கலியாணப் படங்களில் மார்க்கோ மணையில் இருக்கிற படம் ஒன்று உண்டு. மிலான் தலைப்பா சுற்றுகிறார். பட்டு நீளம், ஒற்றை ஆளால் இறுக்க முடியவில்லை, பக்கத்தில் நின்றது ராடோ. மறு நுனியை அவர் இழுத்துப் பிடித்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்க்கிறார்கள். அதைப் போடு பிள்ளை, பெரிதாகப் போடு.