இருபதாயிரமா, ஐம்பதாயிரமா: ராஜபாளையத்துக்கு ஒரு ஆயில் பயணம்

ஆவணி பாதியில் ராஜ்கோட்டில் பஞ்சு பேல் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்குக் கிளம்பினேன். ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர், ஐந்தரை நாள். மில்லில் பஞ்சு இறக்குவது பேருக்குத்தான். வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் உள்ளே இன்னொரு காரணம் உண்டு, போகப் போகச் சொல்கிறேன்.

என்னுடையது பத்து சக்கர லாரி, பிஎஸ்-4. நானே ஓனர், நானே டிரைவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆயில் மாற்றுவது மட்டும் ராஜபாளையத்தில், என்னோடு படித்த கோபாலின் ஒர்க்‌ஷாப்பில். வழியில் ஆயிரம் ஒர்க்‌ஷாப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால்தான் எனக்கு வீடு. லோடு புரோக்கரிடம் வீட்டுக்குப் போகணும் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவான். ஆயில் மாற்றும் தூரம் ஓவர் ஆகிவிட்டது, என் மெக்கானிக் தெற்கே இருக்கிறான் என்றால் மறுநாளே தெற்கே ஒரு லோடு வரும். இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை இப்படித்தான் என் மனைவி செல்வியைப் பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தபோது கோபால் போன் செய்தான்.

"ஏலே, இந்தத் தடவை சிந்தெடிக் ஊத்துவோமா? ஒரு தடவை ஊத்துனா அம்பதாயிரம் தாங்கும். டப்பாவுல அறுபதுன்னு போட்டிருக்கான், நான் அம்பதுதான் சொல்லுவேன்."

"விலை எம்புட்டு?"

"இருபது லிட்டர் பக்கெட் ஒம்பதாயிரத்துச் சொச்சம். பழசு ஆறாயிரம். கணக்குப் போட்டா உனக்கு லாபந்தான். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்ப்போம். சுத்தமா இருந்தா ஊத்திருவோம்."

லாபம்தான், சந்தேகமில்லை. ஐம்பதாயிரம் ஓட ஆறு மாதம் ஆகும் என்பதும் அந்த டீ ஆறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மீதியைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இந்தப் பாதையில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து டி.கல்லுப்பட்டி வழியாக வந்தால் எழுபத்தைந்து கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ராஜபாளையம் பதினொன்று. அதாவது என் வீட்டைத் தாண்டித்தான் நான் போயாக வேண்டும். விடிகிற நேரம், கோபுரம் தெரிகிறது, எங்கள் தெரு திரும்புகிற இடமும் தெரிகிறது. லோடோடு அந்தத் தெருவில் திரும்ப முடியாது, மில்லில் ஆறரைக்கு வண்டி நிற்க வேண்டும். ஹாரனை இரண்டு முறை அடித்தேன். செல்வி மாடியில் நின்று கையைக் காட்டினாள். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்தவனுக்கு அந்தப் பதினொன்றுதான் பெரிய தூரம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

பஞ்சு இறங்கப் பதினொரு மணி ஆனது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எனக்கு முன்பே செல்வி வந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் தூக்குவாளி. டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள், அன்று வேலையை மூட்டை கட்டிவிட்டாள்.

"மெலிஞ்சுட்டீக" என்றாள். நான் மெலியவே இல்லை, பெல்ட்டில் ஓட்டை போதாமல் தவிக்கிறேன். ஆனாலும் அதைக் கேட்கத்தானே வந்தேன்.

இன்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை இறக்க வேண்டும், அழுக்கு அப்போதுதான் சேர்ந்து வரும். அது வடிகிற நேரத்தில் கோபால் பழைய ஃபில்டரைக் கழற்றினான். அதை வெட்ட ஹாக்சா ரம்பம் போடாதீர்கள். ரம்பத்தின் இரும்புப் பொடி உள்ளே விழும், இன்ஜின் தேய்ந்துவிட்டதென்று பயந்து சாவீர்கள். கோபாலிடம் டின் மூடியை வளைத்து வெட்டுவது போன்ற ஒரு கட்டர் இருக்கிறது. உள்ளேயிருந்த மடிப்புத் தாளை எடுத்து வெயிலில் விரித்தான்.

"பாவாடைக் கொசுவம் மாதிரியில்ல மடிச்சிருக்கான்" என்று செல்வி எட்டிப் பார்த்தாள்.

தாளில் இரும்பு மினுக்கம் இருந்தால் இன்ஜின் உள்ளே தேய்கிறது. கசடு அப்பியிருந்தால் ஆயில் தாங்கவில்லை, மாற்றும் தூரத்தைக் குறைக்க வேண்டும். நான் குனிந்து குனிந்து தேடினேன். ஒரு மினுக்கம், ஒரே ஒரு கசடு. இருந்தால் பழைய ஆயிலே போதும், இரண்டரை மாதத்தில் திரும்பி வரலாம். சொந்த இன்ஜினில் கோளாறு இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்ட லாரிக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோபால் காந்தத்தை வைத்துத் தடவினான். ஒன்றும் ஒட்டவில்லை.

"சுத்தமா இருக்குலே! என்னலே, மூஞ்சி செத்துப்போச்சு? இன்ஜின் ஜம்முனு இருக்கு, சந்தோசப்படு."

"அப்ப அம்பதாயிரம் ஆயிலையே ஊத்திரு" என்றேன். வண்டிக்கு நல்லதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செல்வி கேட்டாள்: "அண்ணே, இதை ஊத்துனா இவுக எப்பத் திரும்பி வரணும்?"

"ஆறு மாசம் ஆகும்மா."

அவள் தூக்குவாளியை ஓரமாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆயில் தீர்ந்தாத்தான் நம்ம வீட்டுக்கு வழி தெரியுமா உங்களுக்கு?"

புரோக்கர் கதையைச் சொன்னேன்.

"அவன்ட்ட ஆயில் ஓவர்னு சொல்ல வாய் வருது. பொண்டாட்டியப் பாக்கணும்னு சொல்ல வரலயாக்கும்?"

கோபால் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டான்.

"நல்ல ஆயிலையே ஊத்துங்கண்ணே" என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "வண்டி என்ன பாவம் பண்ணுச்சு."

எல்லாம் முடிந்ததும் கோபால் வழக்கம்போல டிரைவர் கதவின் உள்பக்கம் வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் எழுதினான். மீட்டரில் 3,46,000. அதனால், 'ஆயில் 3,96,000'. செல்வி மார்க்கரை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"பத்தாயிரம் ஓட எம்புட்டு நாளாகும்?"

"முப்பத்தஞ்சு நாள்."

"அப்ப புரட்டாசி மூணாம் சனிக்கு வந்துருவீக. திருவண்ணாமலைக்குப் போயிரலாம்." எங்கள் ஊர்ப் பெருமாள் மலையைச் சொல்கிறாள், கிரிவல ஊரை அல்ல. போகலாம் போகலாம் என்று நான் சொல்லி மூன்று புரட்டாசி போய்விட்டது. ஆயில் வரிக்குக் கீழே, தைக்கிறவளின் குண்டு எழுத்தில் எழுதினாள்: 'வீடு 3,56,000'.

அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். அதைப் பற்றிப் பிளாக்கில் எழுதுவதாக இல்லை.

வருகிறவர்களுக்கு: ஆயிலுக்கும் ஃபில்டர்களுக்கும் சேர்த்து எனக்குப் பதினான்காயிரம் ஆனது, கூலி தனி. காலையில் வண்டியை விட்டால் சாயங்காலம் எடுக்கலாம். பிஎஸ்-6 வண்டியென்றால் சாம்பல் குறைந்த சிகே-4 ஆயில்தான், மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு எதையும் ஊற்றாதீர்கள், சைலன்சர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். நீண்ட தூர ஆயிலுக்கு மலிவு ஃபில்டர் போடுவது வீண், ஆயிலுக்கு முன்பே தாள் பசை விட்டுவிடும். புது ஃபில்டரை ஆயில் நிரப்பி மாட்டுங்கள். கிரஷர், சிமென்ட் தூசியில் ஓடுகிற வண்டிக்கு இந்த ஐம்பதாயிரம் பொருந்தாது, பாதியில் மாற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

இதை எழுதுவது மறுபடியும் ராஜ்கோட்டில். காலையில் புரோக்கர் டெல்லி லோடு சொன்னான், நல்ல வாடகை. வேண்டாம், என் பொண்டாட்டியப் பார்க்கப் போகணும் என்றேன். சிரித்தான். நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு, மதுரைக்கு டைல்ஸ் இருக்கிறது, வாடகை குறைவு, பரவாயில்லையா என்று கேட்டான். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

டைல்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து வைத்து மீட்டரைப் பார்க்கிறேன், 3,54,000. ஆயிலுக்கு இன்னும் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. வீட்டுக்கு இரண்டாயிரம்.