எல்லாரும் மாமாதான்

அந்த அரசுப் பள்ளியில் கேட்டில் நிற்பதால் அவளுக்குப் பெயர் கேட்டம்மா. புருஷன் செத்த பிறகு அவன் பார்த்த வாட்ச்மேன் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அவள் அத்தை. ஷூ லேஸ் கட்டிவிடுவது, மூக்கைத் துடைப்பது, தொலைத்த டிபன் பையைத் தேடிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். பின்பக்கச் சுவர் இடிந்து கிடந்ததால் அங்கே ஒரு கண், கேட்டில் ஒரு கண். பாவம், அவளும் என்னதான் செய்வாள்?

அன்று பள்ளி விடும் நேரம். ஒரு ஆள் வந்து ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். புத்தகப்பையில் எழுதியிருந்ததைப் படித்திருப்பான், படுபாவி. கேட்டம்மா குட்டியிடம் கேட்டாள்: "யாருடி இது?"

"மாமா," என்றது அது, சிரித்துக்கொண்டே.

போதாதா? அனுப்பிவிட்டாள். நம் பிள்ளைகளுக்கு ஐஸ் விற்பவனும் மாமா, பஸ் ஓட்டுபவனும் மாமா, வழியில் போகிறவனும் மாமா. அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பழக்கியதே நாம்தான். அந்த நேரத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

இருட்டுவதற்குள் குட்டி பஸ் நிலையத்தில் கிடைத்துவிட்டது. கழுத்துச் சங்கிலி போயிற்று, பேச்சும் பாதி போயிற்று.

தலைமையாசிரியர் ஒரு சுவருக்கும் இன்னொரு காவல் ஆளுக்கும் மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைத் தவிர ஒரு செங்கல் வந்ததில்லை. டிவியில் செய்தி வந்ததோ இல்லையோ, பாருங்கள் கூத்தை! புது இரும்புக் கேட் வந்தது, கேமராக்கள் வந்தன, பெற்றோருக்குப் படம் போட்ட அட்டை வந்தது. கேமராவைப் பார்க்க மட்டும் ஆள் வரவில்லை. சுவர் அப்படியே கிடந்தது. கேட்டம்மாவைக் கூப்பிட்டுத் திட்டித் தீர்த்துவிட்டு, வேறு ஆள் கிடைக்காததால் அவளையே கேட்டில் நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. உள்ளே என்னமோ மரத்துப்போயிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், கேட்டைத் திறந்தாள், மூடினாள். அந்தக் குட்டி திரும்ப வருமா, வந்து அத்தை என்று கூப்பிடுமா என்று மட்டும் தினமும் காலையில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு திங்கட்கிழமை அது வந்தது, அம்மாவின் கையை இறுகப் பிடித்தபடி. புது ஏற்பாடுகளைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரியும் அன்று பார்த்து, கேட் அருகில் நின்றிருந்தார். குட்டியின் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, நான் யாரு?"

"தெரியாது."

"சபாஷ்! சரி, இவங்க யாரு, சொல்லு பாக்கலாம்?" என்று கேட்டம்மாவைக் காட்டினார்.

குட்டியின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது. கட்டிவிடக் குனியப்போன கேட்டம்மா அப்படியே நின்றாள். குட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு கேட்டம்மாவை நேராகப் பார்த்தது.

"தெரியாது."

"யாரக் காட்டிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்னு வீட்ல சொல்லிக் குடுத்திருக்கோம் சார்," என்றாள் அம்மா, கேட்டம்மாவின் பக்கம் திரும்பாமலே.

"ரொம்ப நல்லது. இதத்தான் நாங்களும் எல்லா ஸ்கூல்லயும் சொல்லிட்டு வரோம். என்னம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"சரியாத்தான் சொல்லுது சார்," என்றாள் கேட்டம்மா. கேட்டைத் திறந்துவிட்டாள். லேஸ் தரையில் இழுபட, குட்டி உள்ளே போயிற்று.