முன்கண்ணாடி சரியில்லாத வண்டிகள்

என் பெரியப்பா எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரை ஒரு உதை உதைப்பார். பிறகு பானெட்டைத் திறந்து, உள்ளே யாரோ ஒளிந்துகொண்டிருப்பதுபோல் வெகுநேரம் எட்டிப் பார்ப்பார். ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், ஆயுளில் பாதியை ஜீப்பிலேயே கழித்தவர். ஆகவே வண்டி விஷயத்தில் அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அந்த ஜீப் படுத்துவிட்டது. அதுவரை ஜீப்பில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மேட்டில் எங்கே நிறுத்தினாலும், சட்டென்று குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ரோட்டில் கல்லை விட்டுவிட்டுப் போனால் பின்னால் பைக்கில் வருகிறவன் விழுந்துவிடுவான் என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கென்றே ஒரு முக்கோணக் கல் வைத்திருந்தோம். விடுமுறைக்கு மலைமேல் பெரியப்பா வீடு இருந்த வாழவந்திக்குப் போனால் நான்தான் அதற்கு முழுப் பொறுப்பு. பள்ளியில் கிளாஸ் லீடராக இருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு தலைக்கனம் இருந்ததில்லை.

ஜீப் படுத்ததும் சேலத்திலிருந்து அப்பா ஃபோன் செய்தார். பெரியப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால், லீவுக்கு அங்கே போயிருந்த என் காதில் எல்லாமே விழுந்தது.

"போதுங்கண்ணா. மலையில ஆத்திர அவசரம்னா ஆஸ்பத்திரிக்கு எதுல வருவீங்க? எங்க மாடி சும்மாத்தான கெடக்குது. பேசாம கீழ வந்துருங்க."

"வண்டி ஒண்ணு பாத்துட்டு இருக்கறேன்டா."

"காலாண்டு லீவு முடியறதுக்குள்ள பாருங்க. இல்லீனா நானே லாரி கொண்டுட்டு வந்து சாமானெல்லாம் ஏத்திருவேன்."

பெரியப்பாவும் பெரியம்மாவும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பதில் எனக்கும் பெரிய அக்கறை இருந்தது. காரணம் சுயநலம்தான். பெரியம்மா மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவள். மலையில் இருக்கும்போது என்னை விடுமுறைக்கு வந்த பிள்ளையாக நடத்துவாள். எங்கள் வீட்டு மாடிக்கே குடிவந்துவிட்டால் தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருக்கும்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அதிலும் இடது கால் மோசம். தாழ்ந்த காரில் குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். பெரிய வண்டியோ அவர்கள் வீட்டுச் சந்துக்குள் திரும்பாது. ஆகவே சின்னதாக, ஆனால் உயரமாக ஒன்று வேண்டும். சீமைக் கம்பெனிகள் செய்கிற சொகுசு எஸ்யூவிகளில் குட்டி ரகம் ஒன்று உண்டு. அதில் பழையது கிடைத்தால் தோதாக இருக்கும் என்று முடிவாயிற்று. சேலத்தில் பழைய வண்டி விற்கும் கடை ஒன்றுக்குப் பஸ்ஸில் இறங்கினோம். நான் மறக்காமல் கல்லை நியூஸ்பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த கடைக்காரருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

முதல் வண்டி கறுப்பு. யாரோ டாக்டர் வைத்திருந்ததாம். கடைக்காரர் பெரியம்மாவுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"பின்னாடி உக்காந்து பாருங்கம்மா. மெத்தையாட்டம் இருக்கும்."

பெரியம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சும்மா, உசரம் பாக்கறனுங்க" என்றாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள், பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியம்மா கார் ஓட்டிய கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணமான புதிதில் பெரியப்பா ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், அவள் அதை நேராகக் காப்பிச் செடிக்குள் கொண்டுபோய் விட்டாள். அதன்பிறகு லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து பீரோவில் வைத்திருந்தாள்.

பெரியப்பா கடைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "இஞ்சின் நொம்ப நல்லாருக்குதுங்க. முன்கண்ணாடிதான் சரியில்ல. மங்கலாத் தெரியுது."

கடைக்காரர் கண்ணாடியை இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். நான் என் கைக்குட்டையை எடுத்துப் பளபளவென்று துடைத்தேன். ஆனாலும் பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து சிவப்பு வண்டி ஒன்று பார்த்தோம். அதை ஓட்டிப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதிலும் முன்கண்ணாடி சரியில்லை, லைட்டும் மங்கல் என்றார். நான் மறுபடியும் துடைத்தேன். பெரியம்மா அதிலும் டிரைவர் சீட்டில் ஏறிப் பார்த்து, "ஸ்டியரிங் எட்டமா இருக்குது" என்றாள். ஓட்டாத வண்டிக்கு ஸ்டியரிங் எட்டமாக இருந்தால் என்ன, கிட்டமாக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். லீவோ கரைந்துகொண்டிருந்தது. அப்பா லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டதாக வேறு தகவல் வந்தது.

மூன்றாவது வண்டி வறுத்த காப்பிக்கொட்டை நிறம். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அதில் கிளட்சே கிடையாது, கியர் தானாக மாறும் என்று கடைக்காரர் சொன்னார். "கியர் போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டிங்களா?" என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். பெரியம்மாவோ இடது முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஏனுங்க, இதை மலைக்கே ஓட்டிப் பாத்துரலாமுங்க" என்றாள்.

கடைக்காரரும் கூட வந்தார். சமவெளிக்காரர், வளைவு என்றாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கி மூக்கருகில் பிடித்துக்கொண்டார். பெரியப்பா மிக மெதுவாக ஏறினார். வழக்கமாக ஜீப்பில் பாடிக்கொண்டே ஏறுகிறவர், அன்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து முன்னால் குனிந்திருந்தார். புது வண்டி என்பதால் பக்குவமாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

பாதி மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. அகலமான வளைவு ஒன்றில் பெரியப்பா ஓரமாக நிறுத்தினார். "இதுலயும் கண்ணாடி சரியில்ல" என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "கல்லு" என்றார்.

நான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கடைக்காரரும் எலுமிச்சம்பழத்தோடு இறங்கிப் போய் மதில் கட்டையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இதையும் வேண்டாமென்றால் லாரிதான். முன்னால் போய், எட்டும் மட்டும் எம்பி எம்பிக் கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளே பெரியம்மா என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் இருந்த பெரியப்பாவின் கை மேல் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். வண்டிக்கு முன்னால் என் பக்கத்தில் சந்தித்துக்கொண்டார்கள். பெரியப்பா அவள் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டார்.

"டீச்சருக்கு ஆசையாம். கொஞ்ச தூரம் ஓட்டட்டும்" என்றார். கடைக்காரரின் முகம் இன்னும் வெளுத்தது.

எல்லோரும் ஏறியதும் பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். கொஞ்சம் நகர்ந்ததுமே எனக்கு ஞாபகம் வந்து, "கல்லு! கல்லு!" என்று கத்தினேன். அந்த ஏற்றத்திலேயே நிறுத்தினாள். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்பும்போது வண்டி அசையாமல் நின்றிருந்தது. பெரியப்பா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்குல இருந்து காலை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டனுங்க."

"கல்லில்லாமயே நிக்குதே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்த லீவில் அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு வழி முழுக்க பெரியப்பாவின் குரல்தான். "அடுத்தது இடது, நல்லா ஒடிக்கணும். ஹாரன் அடி. இங்க பஸ் அகலமா வருவான், ஒதுங்கிக்க." முன்னால் வெள்ளையாக ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் ஒரு வளைவுகூட அவருக்குத் தப்பவில்லை. பெரியம்மா அவர் சொன்னபடியே ஒடித்தாள். காப்பிச் செடி எதற்கும் சேதமில்லை. எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா கடைக்காரரிடம், "இந்த வண்டியே இருக்கட்டுமுங்க" என்றார்.

கடைக்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்தார். "அப்ப முன்கண்ணாடிங்க?"

"கண்ணாடி நல்லாருக்குதுங்க. எங்க பாப்பா தொடைச்சுட்டா."

அப்பாவின் லாரி வரவில்லை. பங்குச் சாமியார் வந்து வண்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். ஜீப்பில் தொங்கிய ஜெபமாலை இதற்கு மாறியது. இன்றும் பெரியம்மாதான் ஓட்டுகிறாள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வளைவு சொல்கிறார். கல் டிக்கியில் கிடக்கிறது. அதற்கு வேலை ஒன்றுமில்லை என்றாலும் இறக்கிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நான் லைசென்ஸ் எடுத்த அன்றுதான் பெரியம்மா அந்த வருஷத்துக் கதையைச் சொன்னாள். கோடையிலேயே சேலத்துக் கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். பெரியப்பாவுக்குக் கண் நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, இனி மலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று. அப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே கீழே இறக்கிவிடுவார் என்று இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. "நான் ஓட்டறேன்னு மொதல் நாளே சொல்லியிருப்பேன் சாமி. அவராவே நிறுத்தட்டும்னுதான் இருந்தேன்" என்றாள்.

மூன்று வண்டிகளின் கண்ணாடியும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அப்போது எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அன்று மலை ஏறி முடித்ததும், "இப்ப நல்லாத் தெரியுதுங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் திரும்பி என் கன்னத்தைத் தட்டி, "நொம்பத் தெளிவாத் தெரியுது கண்ணு" என்றார். நான் ஈரக் கைக்குட்டையைப் பெருமையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.