பனியாளியின் இடது கால்

சின்னக்குழந்தை என்பது பெயர்தான். ஆளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாழைத்தார் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தாளென்றால் எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். எனக்குப் பக்கத்து வீடு, முறைக்குச் சித்தி. செங்கத்துக்கு வடக்கே, ஜவ்வாது மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து மலை ஊர்களுக்கு நான் ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். எனக்குக் கண்ணாயிரம் என்று பெயர் வைத்தவளும் தான்தான் என்பாள். அதை நம்ப எனக்கு இஷ்டமில்லை.

அவளுக்கு ஒரே பிள்ளை, பார்த்திபன். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இடது காலை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து வலது காலை ஊன்றி, இடது காலை ஒரு நொடி காற்றிலேயே நிறுத்தி, சுடுமணலில் வைப்பது போல மெதுவாக வைப்பான். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டாலே சித்தி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் எங்களோடு சாமி தூக்க வந்தான். எங்கள் ஊர் மாரியம்மன் பல்லக்கில் முன்பக்கம் வலது தண்டு எனக்கு, இடது தண்டு அவனுக்கு. சாமி தூக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. யாருடைய எட்டு தடுமாறுகிறதோ, அவனுடைய எட்டுக்குத்தான் மற்றவர்கள் போகவேண்டும். இல்லாவிட்டால் தண்டு தோளைக் கடித்துவிடும். ஆகவே நாங்கள் அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து நொண்டினோம். மேலே அம்மன் ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, நிமிர்ந்து வந்தாள். வெளியூர்க்காரர்கள், “ஒங்க ஊரு ஆத்தா அசைஞ்சி வர்ற அழகு எங்கியும் இல்லீங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பல்லக்கைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

அப்படி ஒரு திருவிழாவில்தான் நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தார். ‘பனிவாசல்’ கதை பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். புத்தகமாக வந்து, தொடராக வந்து, பள்ளிக்கூடப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஏறி, கடைசியில் மேடைக்கும் வந்திருந்தது. அதில் பனியாளி என்று ஒரு வெள்ளை மிருகம், யானை உயரம். மூங்கிலும் துணியுமான அந்த உடம்புக்குள் நான்கு பேர் நின்று சுமந்து நடக்கவேண்டும். சேர்ந்து நடக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டார். பார்த்திபன் போனான். முன்னங்கால் அவனுக்கு. பல்லக்கில் நடந்ததேதான் அங்கேயும் நடந்தது. பனியாளி நொண்டியது. முதலில் கம்பெனியில் முகம் சுளித்தார்களாம். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நொண்டல் அப்படிப் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் இடது காலைத் தூக்கிக்கொண்டு பனியாளியாக நடந்தார்கள். வெளியூர் வாத்தியாருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

“செங்கத்துக்கு ஆட்டம் வந்தா ஒன்ன முன்னாடி உக்கார வெக்கறேன்மா” என்று சொல்லியிருந்தான். அது வருவதற்குள், ஊருக்கு வந்துகொண்டிருந்த வழியில், லாரியில் மோதி செத்துப்போனான்.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியவன் நான். அந்த முகத்தைப் பற்றிப் பேச எனக்கு இப்போதும் மனமில்லை. துணியால் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெரியவர்கள் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தி அழவில்லை. எடுத்துக்கொண்டு போகிறபோதும் அழவில்லை. கருமாதிக்கு நாள் குறிக்க அவளுடைய அண்ணன் கோபால் வந்தபோது வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாள்.

“மூஞ்சியக் காட்டாம எதையோ கொண்டாந்து போட்டீங்க. யாரோ பெத்த புள்ளைக்கு நான் இன்னாத்துக்குக் கருமாதி பண்ணணும்? எம் புள்ள ஆட்டத்துக்குப் போயிருக்கான். வருவான்.”

கருமாதி நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. செத்தவன் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பான் என்று ஊர் முணுமுணுத்தது. புத்தி பிசகிவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் மேலா, ஊர் மேலா, செத்தவன் மேலேயா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்தக் கோடையில் செங்கத்தில் சர்க்கஸ் போடுகிற மைதானத்தில் கூடாரம் எழுந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொன்னார்கள். சித்தி பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு என் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க சித்தி?”

“ஆட்டத்துக்கு. வண்டிய எடு.”

போகவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப நான் நடந்தே போய்க்கிறேன்” என்றாள். எடுத்தேன்.

மாலை ஆட்டம். ராஜாக்கள் தொலைக்காட்சித் தமிழில் கத்தினார்கள், புகை விட்டார்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு விளக்கு நீலமானது. பனியாளி வந்தது. வலது காலை ஊன்றியது. இடது காலைக் காற்றில் நிறுத்தி, சுடுமணலில் வைப்பது போல வைத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது தோள் தானாகத் தாழ்ந்தது. அவன் எட்டுக்கு இறங்கிக் கொடுத்தே பழகிய தோள்.

சித்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

“டேய், உள்ள கீறான்டா. நான் சொன்னேன்ல? எவனாவது நம்புனீங்களா?”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.  ஆஸ்பத்திரியில் அவனை அடையாளம் காட்டிய நானே ஒரு கணம் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் பனியாளி கதாநாயகனுக்கு வந்த ஈட்டியைத் தான் வாங்கிக்கொண்டு விழுந்தது. பிள்ளைகள் அழுதார்கள். சித்தி அழவில்லை. “ஆட்டந்தான, எழுந்துருவான்” என்று முன்னால் இருந்த பெண்ணுக்குத் தைரியம் சொன்னாள். திரை விழுந்ததும் எழுந்து கூடாரத்தின் பின்பக்கம் ஓடினாள். காவலுக்கு நின்றவர், “அம்மா, உள்ள போகக் கூடாதுங்க” என்றார். “எம் புள்ளைய இட்டுனு போவ வந்திருக்கேன்” என்று அவரைத் தள்ளிவிட்டுப் போனாள்.

பின்னால் அரை இருட்டு. வெள்ளை உடம்பு சரிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்த ஓர் ஆள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீர்க் கேனைப் பார்த்து நடந்தான். இடது காலைக் காற்றில் நிறுத்தி நிறுத்தி நடந்தான்.

“பார்த்தி!”

அவன் திரும்பினான். வேறு யாரோ.

விழுப்புரம் பக்கத்துப் பையன், இளவழகன் என்று பெயர் சொன்னான். சித்தி யாரென்று அவனுக்கு நான்தான் சொன்னேன். அவன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

“அந்த அண்ணனோட வீடியோவப் பாத்துத்தாங்க பழகினேன். அந்த நடை இல்லன்னா பசங்க இது பனியாளியே இல்லன்னு கத்துறாங்கம்மா.”

சித்தி நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தனை மாதமாக வராத அழுகை மொத்தமும் வந்தது. மார்பில் அடித்துக்கொண்டாள். உடை மாற்றிக்கொண்டிருந்த ராஜாக்களெல்லாம் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். எனக்கும் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அடங்கியபிறகு, அவள் கையை நீட்டி இளவழகனுடைய இடது முழங்காலைத் தொட்டு, கணுக்கால் வரை அழுத்திப் பார்த்தாள்.

“கால் நல்லாத்தான கீது ஒனக்கு?”

“நல்லாத்தாம்மா இருக்கு. பழகிப்போச்சு. வெளிய வந்தாலும் அப்படியே வந்துடுது.”

“வூட்டுக்குப் போறப்ப நேரா நட சாமி. ஒங்கம்மா பாத்தா பயந்துடுவா.”

சித்தியை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். ஊர் முனையில் ஜீப்பை நிறுத்தியதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கண்ணாயிரம், எங்கண்ணன்கிட்ட சொல்லி கருமாதிக்கு நாள் பாக்கச் சொல்லு” என்றாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்: “எம் புள்ளைக்குடா.”