உதட்டில் ஊசி, தலையில் அருவி

கீழுதட்டில் மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்த நீர்க்கட்டியைத் தென்காசியில் வெட்டி எடுத்தார்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் கட்டியோடு வலது பக்க உதட்டிலும் கொஞ்சம் போய்விட்டது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுக்கும். அன்றிலிருந்து துபாயில் இருக்கும் கணவர் வீடியோ காலில் கூப்பிட்டால், போனை மேசையில் மல்லாக்க வைத்துவிடுவேன். எட்டு மாதமாக மனிதர் எங்கள் வீட்டு சீலிங் ஃபேனோடுதான் குடும்பம் நடத்தினார். கேட்டால், "வேலையா இருக்கேன், பேசுங்க" என்பேன்.

அவர் ஊருக்கு வர ஒரு வாரம் இருந்தபோது நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். மரத்துப்போகிற களிம்பைத் தடவி, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டார். "வீங்கத்தான் செய்யும். ரெண்டு நாளைக்கு உதட்டை அழுத்தக் கூடாது, எதுவும் மோதவும் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். தேனீ கொட்டிய மாதிரி இருந்தாலும் பள்ளத்தைக் காணோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை வாசலில் பெட்டியோடு நிற்கிறார் கணவர். அதிர்ச்சி கொடுக்கிறாராம்! துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். சாரல் நேரத்தில் ஊருக்கு வந்தவர் வீட்டில் உட்காருவாரா? ஒரு மணி நேரத்தில் எல்லோரும் குற்றாலத்தில் இருந்தோம்.

"மதினி, குளிக்காம நின்னா அண்ணன் என்னன்னு கேக்கும். வாயை மறைச்சுக்கிட்டு வாங்க" என்று நாத்தனார் என்னைப் பெண்கள் பக்கம் இழுத்துப் போனாள். ஊரே அருவிக்குத் தலையைக் கொடுத்து நிற்க, நான் மட்டும் இரண்டு கையாலும் வாய்க்குக் கூரை போட்டு நின்றேன்.

பக்கத்தில் குளித்த அம்மா, "ஏட்டி, வாந்தி வருதா? மாசமா இருக்கியா?" என்று அருவியை மீறிக் கத்தினார்.

"எங்கண்ணன் இன்னைக்குக் காலையிலதான் வந்திருக்கு!" என்று நாத்தனார் பதிலுக்குக் கத்தினாள்.

அவ்வளவுதான். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தும் அடங்கவில்லை. துப்பட்டா எங்கே என்ற நினைப்பே இல்லை.

துண்டோடு நின்ற கணவர் என் வாயையே பார்த்தார். "ஏட்டி, அப்ப எம்மேல கோவம் இல்லியா?"

"என்ன கோவம்?"

"பெருநாளைக்கு வரலன்னு வெறுத்துட்டியோன்னு நெனச்சேன். எட்டு மாசமா மூஞ்சியே காட்டலியே. அதாம்ட்டி பயந்து போயி ஒரு வாரம் முந்தியே ஓடியாந்தேன்."

கட்டி, ஊசி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் கால் அங்குல உதட்டை ஒளித்துவைத்த நாளெல்லாம் இந்த மனிதர் அங்கே தூங்காமல் கிடந்திருக்கிறார். அத்தனை கூட்டத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சிரித்த வாய் மூடாமலே ஓவென்று அழுதேன்.